கிழக்கே பார்த்த காலடிகள்

மண்ணில் பதிந்திருந்த காலடிகளின் விரல்கள் அவளை நோக்கியே இருந்தன.

ஜெயரூபினி நின்றாள். முன்னால் போகும் சின்னம்மாவின் செருப்புத் தடத்தில் தன் காலை வைத்து வைத்து, தலை நிமிராமல் ஒரு மணி நேரமாக நடந்து வந்திருந்தாள். அந்தத் தடம் எந்த இடத்தில் மாறியதென்று தெரியவில்லை. இப்போது அவள் காலுக்கடியில் வெறுங்கால் தடம். குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து விரல்கள். யாரோ மேற்கிலிருந்து, அவர்களுக்கு எதிரே, கிழக்குப் பார்த்து நடந்து வந்திருக்கிறார்கள். ஆனால் எதிரே ஒருவரும் வரவில்லை.

தடம் ஈரமாக இருந்தது. நான்கு மாதமாக மழை காணாத புழுதியில், இப்போதுதான் குளத்திலிருந்து ஏறி வந்ததுபோல.

"ஏனக்கா நிண்டனி?" பின்னாலிருந்து வினோஜா கேட்டாள்.

"ஒண்டுமில்லை. செருப்புக்க கல்லு."

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மடு மாதா கோயிலுக்கு நடக்கத் தொடங்கி அன்று நான்காம் நாள். போன மாரியில் வினோஜா காய்ச்சலில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிச் சுவரோடு சாய்ந்துகொண்டு ஜெயரூபினி வைத்த நேர்த்தி அது. இவள் எழும்பினால், இவளின் சொந்தக் காலாலேயே மாதாவிடம் கூட்டிவருவேன். அம்மா இல்லாத வீட்டில் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறு யார் நேர்த்தி வைப்பது? நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள், மாதாவிடம் மட்டும் துணிந்து பேரம் பேசியிருந்தாள்.

நடை அவளுக்குப் பிடித்திருந்தது. விடிய நாலரைக்கு எழும்புவதும், வெயில் ஏற முன் பத்து மைல் நடப்பதும், மத்தியானம் மரத்தடியில் பாணும் சம்பலும் தின்பதும், பின்னேரம் குதிகால் கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதும். இரவில் பள்ளிக்கூடங்களில் படுப்பது மட்டும்தான் கூச்சம். வாங்கில்களைத் தள்ளிவிட்டுப் பாயை விரிக்கும்போது, தான் இரண்டு வருடத்துக்கு முன் விட்டுப்போன பாடம் இன்னும் கரும்பலகையில் அழியாமல் இருப்பதுபோல் தோன்றும்.

வினோஜாவின் காலில் கொப்புளம் உடைந்ததால், உழவு இயந்திரத்தில் மூட்டையேற்றிப் போன மற்ற நாற்பது பேரும் முந்திவிட்டார்கள். அவர்களைப் பிடிப்பதற்காகத்தான் புனிதம் சின்னம்மா இந்தக் காட்டுக் குறுக்குப்பாதையில் இறங்கினா.

"முன்னுக்குப் போறவையின்ர அடியில காலை வை, அங்கையிங்கை பாக்காதை," என்று புறப்படும்போதே சொன்னா. "சிவப்பு மை பூசின கட்டை எப்பவும் வலக்கைப் பக்கம் இருக்கோணும். அதுக்கங்கால மிதிவெடி இன்னும் எடுத்து முடியேல்லை."

"அக்கான்ர முதுகுப் பை வெடிக்காட்டிச் சரி. உதுக்க குசினியே இருக்கு," என்றாள் வினோஜா.

"எகிப்துக்கு ஓடேக்க சூசையப்பரே இவ்வளவு கொண்டு போயிருக்கமாட்டார்," என்று சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தா. கொஞ்சத் தூரம் போனபின், யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னா: "ரெண்டாயிரத்தெட்டாம் ஆண்டுச் சண்டைக்க சனம் முழுக்க இதாலதான் கிழக்க வந்தது. மடுப் பக்கத்துச் சனம். திரும்பிப் போனது எத்தினை எண்டு ஆர் எண்ணினது?"

இப்போது சின்னம்மாவைக் காணவில்லை.

"சின்னம்மா!" ஜெயரூபினி கூப்பிட்டாள். குரல் பாலை மரங்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விடியலிலிருந்து கத்திக்கொண்டிருந்த குருவிகள் எப்போது நிறுத்தின என்று அவள் கவனிக்கவில்லை. காற்றில் ஒரு மணம் இருந்தது. நாள்கணக்காகக் காயாமல் மடித்து வைத்த துணியின் மணம், அதோடு ஈர விறகின் புகை, அதற்கும் அடியில் பிள்ளைக்குக் கரைத்த பால்மாவின் லேசான இனிப்பு.

தடங்கள் இப்போது ஒன்றல்ல. பெரியவை, சிறியவை, ஊன்றுகோலின் குழி, சைக்கிள் சில்லு இழுபட்ட கோடு. எல்லாம் அவளை நோக்கி வந்தன. அவளுடைய செருப்பு நுனிவரை வந்தன. அங்கே முடிந்தன.

பிறகு பின்னால் சத்தம் கேட்டது.

முதலில் அலுமினியச் சட்டி ஒன்று மூடியோடு இடிபடும் சத்தம். பிறகு ஒருவர் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு கால்கள். ஓடாத, அவசரப்படாத, களைத்துப்போன கால்கள். எதிரே வந்த தடங்களுக்குரியவர்கள் அவர்களைக் கடந்து திரும்பி, வினோஜாவுக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

"அக்கா, ஆரோ வருகினம்."

"திரும்பாதை."

"பின்னுக்கு நிக்கிறவை ஈரமா—"

"திரும்பாதை எண்டனான் எல்லே!"

அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்தாள். வலப்பக்கம் கட்டை இல்லை. இடப்பக்கமும் இல்லை. மெல்லத் தோளுக்கு மேலால் பார்த்தாள். இருபது அடி பின்னால், பற்றைக்குள், சிவப்பு நுனிகள். அவற்றைத் தாண்டி வந்திருந்தாள். தங்கச்சியையும் தாண்டிக் கூட்டிவந்திருந்தாள். குனிந்த தலையோடு, சொல்லித்தந்த மாதிரியே, யாருடையதென்று பாராமல் ஒரு அடியில் அடி வைத்து.

பின்னால் யாரும் தெரியவில்லை. வெறும் பாதை. ஆனால் அவர்கள் இருவரும் வந்த செருப்புத் தடங்களின் மேல் முழுக்க வெறுங்கால் தடங்கள். மண்ணே தெரியாதபடி. எது தன்னுடைய அடி? எது வெடிக்காத இடம்?

வினோஜா அவளின் முதுகுப் பையைப் பற்றிக்கொண்டாள். "அக்கா, எனக்கு ஏலாது."

ஜெயரூபினி முதுகுப் பையைக் கழற்றினாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். குந்தினாள்.

"ஏறு."

"சொந்தக் காலால எண்டெல்லே நேந்தனி?"

"இந்த இருபதடியை மாதா கணக்கில எடுக்கமாட்டா. எடுத்தா நான் அவவோட கதைக்கிறன். ஏறு. கண்ணை மூடு."

முதுகில் பாரம் ஏறியது. சூடான, உயிருள்ள பாரம். கழுத்தைச் சுற்றி இரண்டு மெலிந்த கைகள். அவள் எழுந்து திரும்பினாள். முகத்துக்கு நேரே ஈரக் காற்று. வெகு அருகில் ஒரு மூச்சு.

வாழ்நாளில் சத்தம் போட்டுப் பேசாதவள் சத்தம் போட்டாள்.

"ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலயே இவளை நான் விடேல்லை. இஞ்சை விடுவன் எண்டு நினைச்சனீங்களோ?"

சட்டியின் சத்தம் நின்றது.

"என்ர அடியில ஏறி நிக்காதையுங்கோ. விலகுங்கோ!"

ஒன்றும் அசையவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"மடுவுக்கெண்டா பின்னால வாங்கோ. ஆரும் வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா முன்னுக்கு நான்தான் போவன்."

ஒரு மூச்சு. இன்னொன்று.

பிறகு, அவளுக்கு முன்னால் இருந்த தடத்தின் ஈரம் வற்றியது. விரல்கள் உதிர்ந்து புழுதியாயின. அடியில் அவளுடைய செருப்பின் கோடுகள். அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஆளொதுங்கி வழிவிடுவதுபோல, ஒவ்வொன்றாக.

கால் வைத்தாள். வெடிக்கவில்லை.

இன்னொன்று.

இன்னொன்று.

இருபுறமும் உடைகள் உரசின. ஒரு குழந்தை இருமியது. அவள் மண்ணை மட்டும் பார்த்தாள். தன் அடியை மட்டும். சிவப்புக் கட்டை. வலக்கைப் பக்கம். பிறகு சின்னம்மாவின் செருப்புத் தடம். பாதை. வளைவு. தார்.

தார் றோட்டில் மதகின் மேல் இருந்த புனிதம் சின்னம்மா துள்ளி எழும்பினா. "எங்கையடி போனனீங்கள்? கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோச்சு. பை எங்க? இவளை ஏன் தூக்கிக்கொண்டு—"

நிறுத்திவிட்டா. ஜெயரூபினியின் முகத்தையோ, அவளுக்குப் பின்னாலோ அவ பார்க்கவில்லை. றோட்டைப் பார்த்தா. கை தானாகச் செபமாலையைத் தேடியது.

சூரியன் அவர்களின் முதுகுக்குப் பின்னால் மரங்களுக்கு மேலே வந்திருந்தது. மேற்கே மடுவுக்குப் போகும் றோட்டில் நிழல்கள் நீளமாக விழுந்து கிடந்தன. ஜெயரூபினியின் நிழல் நடுவில். அதன் இரு பக்கமும், தோளோடு தோள் முட்டி, தார் ஓரம்வரை, தலைகள். பெட்டி சுமந்த தலைகள். பாய் சுருட்டிய தோள்கள். இடுப்பில் பிள்ளை. சைக்கிளில் ஏற்றிய கிழவனின் தொங்கும் கால்கள். றோட்டில் நின்றதோ மூன்றே பேர்.

வினோஜாவை இறக்கித் தனக்கு முன்னால் விட்டாள்.

"நட. நேர பார்."

"எங்களோட உவையளுமோ அக்கா?"

"ஓம். வரட்டும். நீ நட."

ஓரடி வைத்தாள். நிழல்கள் எல்லாம் ஓரடி வைத்தன.

கூட்டத்திலிருந்து ஒரு சின்ன நிழல் பிரிந்தது. நான்கு வயது இருக்கும். தார் மேல் வழுக்கிக்கொண்டு முன்னால் போய், வினோஜாவின் நிழலை எட்டி, அதன் இடது கையைப் பிடித்தது. வெயிலில், ஒருவரும் இல்லாத இடத்தில், வினோஜாவின் இடது கை விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.

ஜெயரூபினி பாய்ந்து வலது கையைப் பற்றினாள். நகம் பதியப் பற்றினாள். "விடமாட்டன்," என்றாள் காற்றைப் பார்த்து.

காற்று தன் பக்கம் இழுத்தது. அவள் தன் பக்கம் இழுத்தாள். யாரும் நடையை நிறுத்தவில்லை. நடுவில் வினோஜா, இரண்டு கையும் சிலுவைபோல் விரிந்து விறைத்திருக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு மடுவை நோக்கி நடந்தாள்.