ஏழாவது பூச்சு

வெள்ளையடித்துப் பத்து நாளாகியும் சுவர் ஈரமாகவே இருந்தது. மாநகராட்சி உதவிப் பொறியாளர் ஜெயபாரதி விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சுவர் வெதுவெதுப்பாகவும் இருந்தது.

மயிலாப்பூரில் மாநகராட்சிக்குச் சொந்தமான இப்போது மூடிக்கிடக்கும் அந்த நூறு வருட மருந்தகம் பாரம்பரியக் கட்டடமாம். வாசலில் பலகை மட்டும் பளபளக்கும். வருடாவருடம் பழைய பூச்சைச் சுரண்டி, விரிசலை அடைத்து, வெள்ளையடிக்க வேண்டும். எவன் சுரண்டினான்? பழையதன் மேலேயே காண்டிராக்டர் ஒரு கோட்டிங் இழுப்பார். ஜெயபாரதி நாற்காலியை விட்டு எழாமல், ‘நேரில் பார்வையிட்டேன், உள்ளே ஆள் இல்லை’ என்று கையெழுத்துப் போடுவாள். உடனே பூட்டிவிடுவார்கள். இது ஏழாவது வருடம். இன்று அவள் வந்ததே, காவலாளி அம்மாசியைக் காணோமென்று அவன் மனைவி தேவானை மூன்று நாளாக அலுவலக வாசலை விட்டு நகராததால்தான்.

“உள்ளதாம்மா படுத்துக்கினு இருந்தாரு. யாரு பூட்டச் சொன்னது?” என்று சற்றுமுன் வெளிவாசலில் தேவானை கேட்டிருந்தாள்.

“இங்கயே இரு. பாத்துட்டு வரேன்.”

ஜன்னல் கண்ணாடியிலும் சுண்ணாம்பு அடித்திருந்ததால் மதிய வெயில் திரிந்த பால் போல உள்ளே கசிந்தது; புறா எச்சமும் எலி மூத்திரமும் ஊசிப்போன ஏதோ ஒன்றும் கலந்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. சோம்பேறிப் பயல்கள் எதையும் அகற்றவில்லை. சுவிட்ச், காலண்டர், ஒட்டடை, எல்லாவற்றின் மேலும் பூசியிருந்தார்கள். ஒரு பல்லியின் மேலும். அதன் வால் இன்னும் நெளிந்தது. அவளுக்கு வெறுப்பாக இருந்தது. அவர்களை நினைத்து மட்டுமல்ல, தன்னை நினைத்தும்.

உள்ளறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு புடைப்பு. சுவரோடு சுவராகப் பூசப்பட்டிருந்தது.

அது மெல்ல உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது.

“அம்மாசி?”

நகத்தால் சுரண்டினாள். பூச்சு பாலாடை போல உரிந்து வந்தது. அடியில் இன்னொன்று. பத்து நாளுக்கு முன் காணாமல் போனவன் மேல் எப்படி இத்தனை? மூன்று. ஐந்து. ஏழு.

ஏழாவதன் அடியில் ஓர் இமை. திறந்தது. உள்ளே விழியும் வெள்ளை.

கையை இழுத்தாள். வரவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன. மணிக்கட்டும். முழங்கையும்.

வெளியிலிருந்து தேவானையின் குரல் கேட்டது. “மேடம், அவரு உள்ள கீறாரா?”

ஜெயபாரதி வாயைத் திறந்தாள். நாக்கு முழுக்கச் சுண்ணாம்பு.

“உள்ள யாரும் இல்லியா? மேடம், நீங்களும் இல்லியா? பூட்டிரட்டுமா?”