நாலு பத்துக்கு வரும் இருளப்பன்

செல்போன் அதிர்ந்தது.

ஜீவிதா எடுக்கவில்லை. யார் என்று பார்க்காமலே தெரியும். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

போன் இன்னொரு முறை உறுமி, நகர்ந்து, டீ டம்ளரில் முட்டி நின்றது. வேறு வழியில்லாமல் எடுத்தாள்.

'இருளப்பன், ரெக்கார்டு கீப்பர், ஒரு கோப்பைத் திறந்துள்ளார். மில் 7. விபத்துப் பதிவேடு. 2016.'

இருளப்பன் செத்து இன்றோடு நாற்பத்தோரு நாள்.

திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகிற வழியில் இருக்கிறது அந்தப் பழைய பஞ்சு கோடவுன். செண்பகத்தாய் மில்ஸுக்குப் பதினோரு மில். ஆறாயிரம் பேர் வேலை. அத்தனை பேருடைய வருகைப் பதிவு, விடுப்பு, விபத்து, சாவு எல்லாம் தாளாக இங்கே வந்து சேரும். நாலு லட்சம் கோப்புகள். இரண்டு வருஷமாக அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஏற்றி முடித்த தாள் காகிதக் கூழாக அரைபடப் போய்விடும்.

அந்த வேலைக்குப் பொறுப்பு ஜீவிதா. வயது முப்பத்தொன்று. நாற்பத்தோரு நாளாகத் தூக்கமில்லை.

காரணம் அந்தச் சக்கரம்.

கோடவுனில் இருப்பவை நகரும் ரேக்குகள். தண்டவாளத்தின் மேல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் விலகி, ஆள் நுழைய ஒரு சந்து கிடைக்கும். ஒரு நேரத்தில் ஒரே சந்துதான். ஒன்று திறந்தால் மற்றது மூடும். உள்ளே போகிறவர், சக்கரம் சுழலாதபடி அதில் 'பின்' என்கிற பூட்டுக் கம்பியைக் குத்திவிட்டுப் போக வேண்டும். சுற்றுகிறவர் 'ரேக் வருது' என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு ஜீவிதா மூன்று முறை குரல் கொடுத்தாள்.

பதில் இல்லை. பின் இல்லை. சுற்றினாள்.

பாதியில் சக்கரம் கனத்தது. ஏதோ கோப்புக் கட்டு சரிந்து கிடக்கிறது என்று நினைத்து... இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

உள்ளே இருந்தது கட்டு இல்லை!

*

"மறுபடியும் வந்துச்சா?"

திரும்பினாள். வாசலில் தங்கமுத்து. நிர்வாக மேலாளர். ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இதே கோடவுனில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தவர். கையில் அவருடைய போன். அதிலும் அதே செய்தி.

"வந்துச்சு சார்."

"அவன் ஐடியில நீ விளையாடுறியா?"

"அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது சார். கம்ப்யூட்டர் பிரிவுல சொல்லி அந்த ஐடியை மூடச் சொல்லவா?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லாத." அவசரமாக வந்தது குரல். பிறகு சமாளித்துக்கொண்டு ஒரு தாளை மேஜையில் வைத்தார். "இதுல கையெழுத்துப் போடு."

படித்தாள்.

'என் கவனக்குறைவால்... உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல்...'

"சார், விபத்துன்னுதான ரிப்போர்ட் போச்சு?"

"எழுதினவன் நான்தான? மாத்தியும் எழுதலாம். அந்தம்மா சுப்புத்தாய் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கா, எம் புருசன் எப்படிச் செத்தான்னு. யாரையாவது காட்டணும்ல?"

"என்னைய உள்ள வச்சிருவாங்க சார்."

"சுத்துனது யாரு? நானா?"

ஜீவிதா தாளை மேஜையில் வைத்தாள்.

"அஞ்சரைக்கு வருவேன். தாள் ரெடியா இருக்கணும்."

போய்விட்டார்.

ஐந்து நிமிஷம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்தாள். சாவை விசாரித்த இன்ஸ்பெக்டர் மிக்கேல்ராஜின் நம்பர்.

"சார், நான் ஜீவிதா, மில் ரெக்கார்டு ரூம்ல இருந்து. ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"சொல்லுங்கம்மா."

"சக்கரம் கனத்துச்சு சார். அப்பவே நிறுத்தியிருக்கணும். நான்... அழுத்துனேன்."



"அன்னிக்கு எதுக்கும்மா அந்தச் சக்கரத்தைச் சுத்துனீங்க?"

"தங்கமுத்து சார் நாலு அஞ்சுக்கு மாடியில இருந்து போன் பண்ணாரு. பதினாலாம் ரேக்ல ஒரு ஃபைல், உடனே வேணும்னாரு."

"என்ன ஃபைல்?"

"மில் ஏழு. விபத்துப் பதிவேடு."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது, தினம் நாலு பத்துக்குத் திறப்பதும் அதே கோப்பு.

"எடுத்துக் குடுத்தீங்களா?"

"எங்க சார்... இருளப்பன் அண்ணனைப் பார்த்து அலறுனவதான். அந்த ரேக் பக்கம் அப்புறம் யாருமே போகல."

"பத்து நிமிசத்துல வாரேன். எதையும் தொடாதீங்க."

*

தொட்டாள்.

பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க முடியவில்லை. செத்தவர் நாற்பது நாளாக ஒரே கோப்பைத் திறந்து திறந்து காட்டுகிறார். அதில் என்னதான் இருக்கிறது?

"ரேக் வருது... ரேக் வருது... ரேக் வருது..."

காலி கோடவுனுக்குள் அவள் குரல் போய்த் திரும்பி வந்தது. சக்கரம் சுலபமாகச் சுழன்றது. கியர் வைத்த சக்கரம். ஒரு கையால் சுற்றினாலே இரண்டு டன் நகரும். பதினாலாம் ரேக்குக்கு முன்னால் சந்து திறந்தது. பின்னைக் குத்தினாள். உள்ளே போனாள். மறுகோடியில் சுவர்.

மில் 5. மில் 6. மில் 7.

2015... 2017...

நடுவில் கோப்பு இல்லை. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை செருகியிருந்தது. அவுட் கார்டு. யார் கோப்பை எடுத்தாலும் அதன் இடத்தில் பெயர் எழுதிச் செருகிவிட்டுப் போகிற அட்டை. முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இருளப்பன் செத்த நாளின் தேதி.

நேரம்: 3.50.

எடுத்தவர்: தங்கமுத்து.

இரண்டு முறை படித்தாள். மூன்று ஐம்பதுக்கு அவரே கோப்பை எடுத்துவிட்டார். பிறகு நாலு ஐந்துக்கு அதே கோப்பை எதற்குக் கேட்டார்?

கோப்புக்காகக் கேட்கவில்லை.

அவள் வந்து சக்கரத்தைச் சுற்றுவதற்காக!

"கையில என்ன?"

அவள் குரல் கேட்டு இறங்கி வந்து, சந்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் தங்கமுத்து.

"மாடியை விட்டு எறங்கவே இல்லைன்னு போலீஸ்ல சொன்னீங்களே சார்." அட்டையைக் காட்டினாள்.

அவர் அட்டையைப் பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, வியப்பு.

"நானா எழுதினேன்?"

"உங்க கையெழுத்து சார்."

"எழுதுனதே ஞாபகம் இல்ல..." தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "ஃபைலை எடுத்தா கை தானா எழுதிரும்."

"அந்த ஃபைல்ல என்ன இருக்கு?"

"ஸ்ரீமதின்னு ஒரு பிள்ளை. பத்தொம்பது வயசு. பஞ்சுல தீப்பிடிச்சு, உள்ள மாட்டிச் செத்துருச்சு. அப்ப ஏழாம் மில்லுக்கு மேனேஜர் நான். விபத்துக்கு மொத நாளே அவ வேலையை விட்டு நின்னுட்டான்னு எழுதினேன். ஆனா அன்னைக்கு அவ உள்ள வந்ததுக்கு வருகைப் பதிவு அந்த ஃபைலுக்குள்ள இருந்திருக்கு. இருளப்பன் பார்த்துட்டான். பார்த்ததோட விடாம ஸ்கேனும் பண்ணி ஏத்திட்டான்."

"அழிக்கச் சொன்னீங்க."

"ஏத்துனது ஏத்துனதுதான் சார்னான். அவனும் நானும் ரெண்டு பேரும் சம்மதிக்காம ஒரு பக்கம் அழியாது. தாளையாவது எடுத்துட்டுப் போவோம்னு வந்தேன். பின்னாலயே வந்து நின்னு, லேபர் ஆபீஸ்ல சொல்லப் போறேங்கிறான். ரிஜிஸ்டரால ஒரு அடி. மயங்கிட்டான். பக்கத்துச் சந்தைத் திறந்து, இருட்டுல கடைசியில உட்கார வச்சு, ஃபைலோட மாடிக்குப் போய் உனக்கு ஒரு போன் போட்டேன். அம்புட்டுத்தான்."

ஜீவிதா அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருந்திருக்கிறார். அவள் சுற்றும்போது உயிரோடு...

"ஒரு ஐடி முப்பது நாள் சும்மா கெடந்தா, அதோட அழிக்கிற அதிகாரம் மேலதிகாரிக்கு வந்துரும். ஒரே தட்டு. அந்தப் பக்கம் அழிஞ்சிரும்." தங்கமுத்துவின் நெற்றியில் வேர்வை. "கெடக்க விட்டாத்தான? தெனம் நாலு பத்துக்கு வந்து நிக்கிறான். எதுக்கு இப்படிப் பண்ற?"

"நான் இல்ல சார்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா நான் இல்ல. நீங்கதான்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடவுனுக்குள் எங்கோ ஒரு கட்டு மெல்ல இறங்கி அமர்கிற ஓசை.

"அப்ப... யாரு?"



தங்கமுத்து கண்களைத் துடைத்துக்கொண்டார். கை சக்கரத்துக்குப் போனது. பின்னை உருவினார். அது சங்கிலியில் தொங்கி ஆடியது.

"சார், வேண்டாம்."

"அவரைக் கொன்னுட்டோமேன்னு மனசு கெட்டு, பின் போடாம நீயே உள்ள போய் நின்னுக்கிட்ட. அப்படித்தான் எழுதப் போறேன். என் ரிப்போர்ட்டை இதுவரைக்கும் யாரும் ரெண்டாந்தரம் படிச்சதில்ல."

ரேக் நகர்ந்தது.

ஜீவிதா ஓடினாள். சந்து அவளைவிட வேகமாகக் குறுகியது. இரும்பு அலமாரி தோளை உரசியது. முதுகில் கோப்புகளின் விளிம்பு குத்தியது. மூச்சு முட்டியது. அண்ணனுக்கும் இப்படித்தான்...

நின்றது.

வெளியே ஏதோ தடாலென்று விழுந்தது. பிறகு சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றது. வெளிச்சம் விரிந்தது.

"ரேக் வருதுன்னு சொல்லிட்டுல்ல சுத்தணும். இம்புட்டு வருசம் சர்வீஸ் போட்டும் ரூல் தெரியலையே." இன்ஸ்பெக்டர் மிக்கேல்ராஜ், ஒரு முழங்காலைத் தங்கமுத்துவின் முதுகில் ஊன்றியபடி விலங்கை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

தங்கமுத்துவை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார் மிக்கேல்ராஜ். ஜீவிதா அதே இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அட்டை அவள் பிடியில் கசங்கியிருந்தது.

"அதைக் குடுங்கம்மா. கோர்ட்டுக்கு வேணும்."

கொடுத்தாள். "சார், கடைசியா அழுத்துனது என் கைதான்."

"கை உங்களுது. கொலை அவரோடது. சட்டத்துல இடம் இருக்கு." அட்டையை ஒரு உறைக்குள் போட்டார். "தூக்கம் வர்றதுக்கு நாளாகும். அதுக்கு எங்கிட்ட செக்‌ஷன் இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பத்து நிமிசம்னீங்க. அஞ்சு நிமிசத்துல வந்துட்டீங்க."

"கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையில இருந்தேன். நாப்பது நாளா அங்கதான் டீ."

"நாப்பது நாளாவா? எதுக்கு?"

மிக்கேல்ராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். நான்காக மடித்தது. ஓரத்தில் காய்ந்த பழுப்புக் கறை. உருண்டையான கையெழுத்தில் மூன்று வரிகள். ஐடி. பாஸ்வேர்டு. ஒரு கோப்பு எண்.

ஜீவிதாவுக்கு அந்தக் கையெழுத்து தெரியும்.

"இருளப்பன் சட்டைப் பையில இருந்துச்சு. பாஸ்வேர்டு மறந்து போகும்னு எழுதி வச்சிருந்திருக்காரு. கூடவே ஒரு ஃபைல் நம்பர் எதுக்குன்னு திறந்து பார்த்தேன். திறந்தா உங்களுக்கும் தங்கமுத்துக்கும் மட்டும் தகவல் போகும்னு அதுலயே காட்டுச்சு. சரி, யாருக்கு வேர்க்குதுன்னு பார்ப்போம்னு தெனம் அவரு செத்த அதே நாலு பத்துக்கு, டீ குடிச்சுக்கிட்டே ஒரு தட்டு."



"நீங்களா?"

"முப்பது நாள் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஃபைல் அழியாமத் தப்புனது அதிர்ஷ்டம்."

"அப்ப என்னையும் சந்தேகப்பட்டீங்க."

"ரெண்டு பேர்ல ஒருத்தர்னு தெரியும். யாரு மொதல்ல என்னையக் கூப்பிடுறாங்கன்னு காத்திருந்தேன். நாப்பத்தோரு நாள் ஆக்கிட்டீங்க."

ஜீவிதா எழுந்தாள்.  "இனியாவது அந்த ஐடியை மூடச் சொல்லணும் சார்."

"செத்த நேரம் பொறுங்க." மிக்கேல்ராஜ் தன் போனை அவள் பக்கம் திருப்பினார். "மதியம் உங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து இருளப்பனுக்கு ஒரு மெயில் வந்திருக்கு. ஒரு நாள் தவறாம சிஸ்டத்தைப் பயன்படுத்துனதால இந்த மாசத்தோட சிறந்த ஊழியர் அவருதானாம். விழா திங்கக்கிழமை. ஆளை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க!"