புஷ்பம் அலறிய காட்சி

அந்த அலறல் மட்டும் படத்தில் ஒட்டாமல் நின்றது. மற்றதெல்லாம் பொய்யாக இருக்க, அது மட்டும் உண்மையாக இருந்தது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, றப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான தன் காம்பராவில் உட்கார்ந்து சுமன் தான் எடுத்த படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். சொந்தப் போனிலும் இரவல் லைட்டிலும் எடுத்த முகமூடிக் கொலைகாரன் படம். குத்தும்போது கத்தி வளைந்தது. ரத்தம் சர்பத் என்று பார்த்ததுமே தெரிந்தது. பச்சைச் சேலையில் ஓடத் தொடங்கியவள் நீலச் சேலையில் விழுந்தாள். ஊர் சிரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் றப்பர் சீட்டுகளுக்குப் புகைபோட்டே வருசக்கணக்கில் கறுத்துப்போய், இப்போது பூட்டிக்கிடக்கும் தோட்டத்து றப்பர் ஸ்டோரை எவ்வளவு காசு கொட்டினாலும் செட்டாகப் போட முடியாது. புஷ்பத்தின் அலறலையும்தான்.

புஷ்பம் நடிகை இல்லை. அடுத்த லயத்துக்காரி, றப்பர் பால் வெட்டப் போகிறவள். அலறச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதனால் சுமன் அவளை ஏமாற்றினான். "சும்மா உள்ள போய் நில்லுங்கக்கா, லைட் பாக்கணும்" என்று ஸ்டோருக்குள் அனுப்பிவிட்டு வெளியே கொண்டி போட்டான். உள்ளே போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. றப்பர் சீட்டில் வெட்டிய முகமூடியோடு அவன் கூட்டாளி றிஸ்மி ஒரு மூலையில் காத்திருந்தான். அவள் கதவைத் தட்டினாள். சுமன் திறக்கவில்லை. தட்டுவது நின்ற பிறகுதான் திறந்தான். திறந்ததும் கைதட்டினான். அவள் அவனை நிமிர்ந்தும் பார்க்காமல் போனாள்.

அந்தக் கைதட்டலும் பதிவாகியிருந்தது. இப்போது அதைக் கேட்டபோது அவன் காது மடல்கள் சுட்டன.

வெளியே பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. தகரத்தில் விழும் தண்ணீர், லயத்துக்குப் பொதுவான பீலிக் குழாயில் வழியும் தண்ணீர், வடிகானில் இலையும் மண்ணுமாகப் புரண்டு ஓடும் தண்ணீர் என்று எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்து, பதிவில் இருக்கும் மழை எது, வெளியே பெய்யும் மழை எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. சுமன் இயர்போனை மாட்டி, இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். அலறலுக்கு அடியில் பேச்சு இருந்தது.

"தம்பி, கதவத் தொறங்க... ரெண்டு பேரு இருக்காங்க."

அவன் மறுபடி கேட்டான். ரெண்டு பேரு.

திரையில், றப்பர் சீட்டுக் காயப்போடும் கம்புகளுக்கு நடுவே முகமூடி மெதுவாக அவளை நோக்கி வந்தது. றிஸ்மி எவ்வளவு நிதானமாக நடக்கிறான் என்று அன்று பதிவைப் பார்த்து மெச்சிய அதே நடை. சுமன் வெளிச்சத்தைக் கூட்டினான். இடது மூலையில் இன்னொருவன். முகமூடி கையில் தொங்க, முகத்தைச் சுவரில் புதைத்தபடி நின்றான்.

அது றிஸ்மி.

மாவனல்லையில் இருக்கும் றிஸ்மிக்குப் போன் போட்டான்.

"நான் மூலைய உட்டு அசையவே இல்ல மச்சான்" என்றான் றிஸ்மி. "அவ அழுதத கேட்டதும் வெக்கமாப் போச்சு. முகமூடியக் கழட்டிட்டன்."

"அப்ப நடந்து வந்தது யாருடா?"

 "இப்ப அவ எப்பிடி?" என்று திருப்பிக் கேட்டான் றிஸ்மி.

சுமனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவன் விசாரிக்கவே இல்லை.

மழையோடு அடுத்த லயத்துக்கு நடந்தான். புஷ்பத்தின் புருசன் கொழும்பில் வேலை. அவள் தனியாகத்தான் இருந்தாள். கதவு பாதி திறந்தது. புகைபோட்ட றப்பர் வாசனை முகத்தில் அடித்தது. பால் வெட்டுகிறவள் வீடு, வாசனை இருக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டான்.

"அனே, நனைஞ்சிட்டீங்களே தம்பி." குரல் வற்றியிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"மன்னிச்சிக்குங்கக்கா. நான் தொறந்திருக்கணும்."

"ஆமா" என்றாள். கோபமே இல்லை. "தொறந்திருந்தா, அது கிட்ட வாறதுக்குள்ள நான் வெளிய வந்திருப்பேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கால்களைப் பார்த்தான். வாசல் படிக்கு உள்ளேயே ஒட்டி நின்றன, தாண்டாமல்.

"கொஞ்சம் உள்ள வந்து நிக்கிறீங்களா? கூட ஒரு ஆள் இல்லாம அது இருக்காது, என்னயும் வெளிய உடாது. பீலில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடி வந்துருவேன்."

கேட்டது அவ்வளவுதான். செய்யக்கூடியதுதான். செய்ய வேண்டியதும்தான். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தான்.

அவளுக்குப் பின்னால் இருட்டு அசைந்தது.

உயரம். கறுப்பு. மூச்சுச் சத்தம் இல்லை. கண்ணுக்கு வெட்டிய ஓட்டைகளுக்குப் பின்னால் கண்கள் இல்லை.

காலை இழுத்தான். கதவை இழுத்தான். கொண்டியைப் போட்டான்.

கை தானாகச் செய்தது என்று சொல்ல நினைத்தான். யாரிடம் சொல்வது?

உள்ளே அவள் தட்டவில்லை. அலறவும் இல்லை. பலகை இடுக்கு வழியே நான்கு விரல்கள் மட்டும் வெளியே வந்து, கொண்டியைத் தேடித் தடவின. எட்டவில்லை. மழைத்துளிகள் அவற்றில் விழுந்து வழிந்தன.

பிறகு அவற்றின்மேல் இன்னும் சில விரல்கள் வந்தன. கறுத்தவை, நகமில்லாதவை, றப்பர் சீட்டைப்போல வரிவரியாக இருந்தவை. ஒவ்வொன்றாக, பொறுமையாக, அவள் விரல்களைப் பிரித்து உள்ளே எடுத்தன.