மூன்றாம் அடுக்கு மாடம்

"அக்கா, என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேக்குமா?" நூறாவது முறையாகக் கேட்டாள் சியாமளி. இன்று அவளுக்கு முதல் கச்சேரி.

"கேக்கும்டி. நான் பொறுப்பு," என்றாள் கருணாம்பிகை. இந்த அரங்கத்தை எழுப்பியவளே அவள்தான்.

ஓவியமீட்பி அவள் உருவாக்கிய இயந்திரம். பழைய ஓவியத்தைக் காட்டினால் போதும். நிழலையும் கோட்டையும் அளந்து, அந்தக் கட்டடம் எப்படி இருந்தது, அதில் ஒலி எப்படிப் பரவியது என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீக்கிரையான ஆப்பரா எனும் இசைநாடக அரங்கம் ஒன்று, அதன் உதவியால் 2091இல் சென்னைக் கடற்கரையோரம் அப்படியே எழுந்து நின்றது. வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. உள்ளரங்கைத் தீட்டிய பதினோரு ஓவியங்கள்தான் ஆதாரம்.

ஓவியமீட்பி ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தது: அரங்கில் எல்லோரும் கேட்க வேண்டிய ஒலி எங்கிருந்து கிளம்பியது? மார்கழி சபாக்களில் வளர்ந்த கருணாம்பிகை யோசிக்கவே இல்லை. "ரசிகர்கள் எங்கே பார்க்கிறார்களோ, அங்கிருந்து," என்று பதிலளித்தாள். இயந்திரம் ஓவியங்களிலிருந்த ஆயிரக்கணக்கான கண்களை அளந்து, அதற்கேற்பச் சுவர்களை வளைத்துக் கொடுத்தது.

திரை விலகியது. சியாமளி பாடத் தொடங்கினாள். கீழே முதல் வரிசையிலேயே கொசு ரீங்காரம் போலத்தான் கேட்டது. அதே நேரம், இரண்டாயிரம் பேரின் காதருகிலும் ஒரு குரல் கணீரென்று ஒலித்தது.

"ஏம்ப்பா, இது எப்ப முடியும்? பசி உயிர் போவுது."

மூன்றாம் அடுக்கின் நடு மாடத்தில், மேடையைப் பார்த்து அமர்ந்திருந்த அமைச்சர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடையில் சியாமளியின் கண்கள் கலங்கிவிட்டன.

கருணாம்பிகை பதறிப்போய்க் கைத்திரையில் ஓவியங்களைப் புரட்டினாள். அட கடவுளே! ஒரு முகம்கூட மேடைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அத்தனை பேரும் அண்ணாந்து, நடு மாடத்தில் வீற்றிருந்த ஒரு பிரபுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாகத் தூணையும் பூவேலையையும் ரசித்தவள், இதைக் கவனிக்கவே இல்லை.

மேடைக்கு ஓடித் தங்கையின் கையைப் பிடித்தாள். "மேல வாடி!"

மூன்று மாடி ஏறினார்கள். அமைச்சர் விட்டால் போதுமென்று எழுந்து வழிவிட்டார். மூச்சு வாங்க நின்ற சியாமளி கண்ணை மூடிப் பாடினாள். ஆஹா! அந்தக் குரல் அரங்கம் முழுவதும் நிறைந்தது. இரண்டாயிரம் பேரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்தபடி சொக்கிப்போய் நின்றார்கள். கருணாம்பிகை சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே முன்பதிவுகள் வந்து குவிந்தன. சியாமளி துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எத்தனைக்கா?"

"மூவாயிரத்துக்கு மேல. எல்லாருக்கும் அந்த மாடம்தான் வேணுமாம்."

"பாடறதுக்கா?"

"பேசறதுக்குடி. பொறந்தநாள், நிச்சயதார்த்தம், கட்சிக் கூட்டம்னு எழுதியிருக்காங்க."

சியாமளியின் முகம் சுருங்கியது. "மேடைய யாருமே கேக்கலையா?"

"ஒருத்தர் கேட்டிருக்கார். அங்க பந்தி போடலாமான்னு."