தனியா எடுத்த சரக்கு

விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வேன் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கூடத்தில் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டே போனார்கள். சோபா மறைந்தது. ஜன்னல் மறைந்தது. கடைசியில், மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரும் மறைந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க... வழியில நிக்காதீங்க!" என்று பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷன். நெரிசலைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

யாரும் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் பெரியவள் சிரித்திருப்பாள். அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். இன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டிகளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மாடியிலிருந்து ஓடி வந்தான்.

"என்ன அண்ணி இது? குடோன்ல இருந்த உங்க திண்டெல்லாம் எதுக்குத் திரும்பி வந்திருக்கு?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன் தம்பி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா, நுரை காயுது."

"அவங்க சரக்கு, அவங்க தனியா எடுத்துக்கிட்டாங்க," என்றாள் சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி, சின்னவள். "நம்மகிட்ட எதுக்குச் சொல்லணும்? நாம யாரு!"

அந்தத் 'தனியா'வை அவள் கடித்துத் துப்பிய விதத்தில் பெரியவளுக்குச் சுருக்கென்றது. தன் வாயிலிருந்து போன வார்த்தைதான் திரும்பி வந்திருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆன்லைன் கடையை ஆரம்பித்தது பெரியவள். முதுகுவலிக்காரர்கள் சாய்ந்துகொள்ளும் திண்டு. துணி வெட்டுவதிலிருந்து பஞ்சு அடைப்பதுவரை அவள் கைவேலை. விற்றுக்கொடுக்கிற நிறுவனத்தின் கிடங்கில் சரக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆர்டர் வந்ததும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் சரக்கு அடைக்கிற இடத்துக்கு வாடகை. அதனால் ஒவ்வொரு திண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் முட்டி போட்டு ஏறி, காற்றெல்லாம் வெளியேறும்வரை அழுத்தி ஒட்டுவாள். மூன்று திண்டு அடைக்கிற பெட்டியில் ஐந்து அடைப்பாள். முட்டியும் உள்ளங்கையும் காய்த்துப்போயிருந்தன. வாங்கினவர்கள் "அம்மாவுக்கு வலி குறைஞ்சிருக்கு" என்று எழுதுவதைப் படித்துக்கொண்டே தைலம் தேய்ப்பாள். இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

கொழுந்தன் வேலையை விட்டுவிட்டு, அதே கடையில் மேசை விளக்கு விற்க வந்தான். விடுமுறைக் காலத்தில் பரிசு கொடுக்க வாங்கும் விளக்கு. விடுமுறை முடிந்தால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பட்டறையிலேயே பழியாகக் கிடந்து லாரி நிறையத் தயார் செய்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவளின் போனுக்குக் கிடங்கிலிருந்து அறிவிப்பு வந்தது. விடுமுறைக் கூட்டத்துக்காக எல்லா விற்பனையாளருக்கும் இடத்தைக் குறைத்துவிட்டார்கள். இவர்கள் கடைக்குப் பாதிக்குப் பாதி. கடைக்கு ஒரே இடம். அதில் திண்டு நிரம்பிக் கிடந்தது.

அன்றே பெரியவள் கிடங்குக்குப் போன் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கொழுந்தன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சமையலறை அலமாரியில் இரண்டாவதாக ஓர் உப்பு ஜாடி முளைத்திருந்தது. சின்னது, புதுசு. சின்னவள் தன் சமையலுக்கு அதிலிருந்து எடுத்தாள். பெரியவள் பார்த்தாள், ஏன் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

இப்போது அந்தப் பதில் கொழுந்தன் வாயிலிருந்தே வந்தது.

"தனியா போகணும்னு நினைச்சா நேரா சொல்லியிருக்கலாமே அண்ணி! நானா குறுக்க நிக்கப்போறேன்? கடையே உங்களோடதுதான். என் விளக்கு உங்களுக்கு இடைஞ்சல்னா... 'நீ உன் பொழப்பைப் பார்த்துக்கோடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்பேனே! இப்படியா... ஊரைக் கூட்டி வண்டி வச்சு..."

குரல் உடைந்துவிட்டது. முகம் மழிக்கிற வயசு வந்த புதிதில், கையைப் பிடித்து அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியவள் இந்த அண்ணிதான்.

"தனியா போறேனா? நானா?" என்றாள் பெரியவள். குனிந்து ஒரு பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

அவள் கணவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஏதாவது சொல்லேன். நீ வாயைத் திறக்கலைன்னா அவங்க சொல்றதுதானே நிஜமாகும்?"

"இத்தனை வருஷம் ஒண்ணா இருந்ததுக்கு அப்புறம், நான் வாயைத் திறந்துதான் என்னைத் தெரிஞ்சுக்கணும்னா... தெரியாமலே இருக்கட்டுங்க!"

ஒரு பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் படுக்கையறைக்குப் போனாள். வந்தாள், அடுத்ததை எடுத்தாள். முட்டி ஒவ்வோர் அடிக்கும் கெஞ்சியது. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் வாங்கியிருக்கவும் மாட்டாள். கட்டிலைச் சுற்றிப் பெட்டிகள் ஏறின. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்தது. அட, துடைக்கக்கூட ஒரு கை இல்லையே!

அப்போதுதான் கொழுந்தனின் போன் அடித்தது. சோப்புக் கையோடு ஸ்பீக்கரில் போட்டான். லாரி டிரைவர்.

"சார், நம்ம வண்டியை உள்ள விட்டுட்டாங்க! விளக்கு மொத்தமும் இறக்கியாச்சு!"

"சரிண்ணே, சந்தோஷம்..."

"சந்தோஷமா? சார், கேட்டுல வந்து பாருங்க! முன்னாடி நின்ன வண்டி, பின்னாடி நின்ன வண்டி எல்லாத்தையும் திருப்பி அனுப்புறாங்க. இடத்தைக் குறைச்சுட்டாங்களாம். நமக்கு மட்டும் எப்படி இடம்னு நானே கேட்டேன். உங்க கடை திண்டு மொத்தமும் நேத்தே வெளிய போயிடுச்சாமே? காலியான இடத்தைப் பூரா உங்க கடைக்காரம்மா யாரோ விளக்குக்குன்னு எழுதி வச்சிருக்காங்களாம். கெட்டிக்காரங்க சார்! வச்சிடறேன்."

பேப்பர் மடிக்கிற சத்தம் பெட்டிக்குப் பின்னால் கேட்டது.

"அண்ணி..." என்றான் கொழுந்தன். "எனக்கா?"

பெரியவள் இடுப்பில் பெட்டியோடு நின்றாள்.

"விடுமுறை நேரத்துல சரக்கு இல்லைன்னா உங்க திண்டு ஆன்லைன்ல கடைசிப் பக்கத்துக்குப் போயிடுமே அண்ணி! அத்தனை வருஷப் பேரு... அப்புறம் யார் தேடி வாங்குவாங்க?"

"முதுகுவலி விடுமுறை பார்த்தா வருது? மெதுவா வாங்குவாங்க. உன் விளக்கை அப்புறம் யாருடா வாங்குவா?" என்றவள், அடக்கமாட்டாமல் வெடித்தாள். "எனக்கு மட்டும் வலிக்கலைன்னு நினைச்சியா? போன்ல சொல்லிட்டு, கடைப் பக்கத்துல அந்த 'எடு'ங்கிற பொத்தானையும் அழுத்திட்டு, குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன். போதுமா?"

சின்னவள் பெட்டிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா... நீங்க போன்ல பேசுறதை மாடிப்படியில நின்னு கேட்டேன். 'என்னோடதை மட்டும் தனியா எடுத்துடுங்க. இனிமே சேர்ந்து இருக்க முடியாது'ன்னு சொன்னீங்க. வக்கீல்கிட்ட பேசுறீங்கன்னு நினைச்சேன். வீட்டைப் பிரிக்கப் போறீங்கன்னு..."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் அழுகை வந்தது. "திண்டும் விளக்கும்டீ! ஒரே இடத்துல ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாதுன்னு சொன்னேன்... ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே பிரிஞ்சுட்டா வலிக்காதுன்னு..."

"அந்த உப்பு ஜாடியைப் பார்த்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை, தெரியுமா?"

அவ்வளவுதான். சின்னவள் பெட்டியோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கொழுந்தன் பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தான். அண்ணியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நுரையெல்லாம் அவள் கையில்.

"ஆர்டர் வந்தா வீட்டிலேருந்தே அனுப்பலாம் அக்கா," என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ரெண்டு நாள் லேட்டாகும். கொஞ்சம்தான் விக்கும், பரவாயில்லை. நான் ஒட்டித் தர்றேன்."

"கூடம் எனக்கு வேணுமே!" என்றது பெட்டிக்குப் பின்னால் குரல்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மாமா," என்றாள் பெரியவள். "நீங்க எத்தனை பேரை நிக்க வச்சே கூட்டிட்டுப் போயிருக்கீங்க!"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

அடுப்படிக்குப் போன சின்னவள், தன் புது ஜாடியை எடுத்துப் பெரிய ஜாடியில் கவிழ்த்தாள். உப்பு வாய்வரை வந்து, குவிந்து நின்றது. மூடி உட்காரவில்லை.

"இடம் பத்தலை அக்கா."

பெரியவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜாடியை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, காய்த்துப்போன உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். உப்பு இறங்கியது.

"இப்ப மூடு," என்றாள்.

மூடி உட்கார்ந்தது.