நத்தைக் கூட்டுக்குள் சிவப்புப் பொடி

"ஏன்ப்பா, இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பொடியை இந்த நத்தைக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டாள் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பாள். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

"நத்தை இல்ல கண்ணு, காரோட டர்போ கூடு. சிவப்பு அடிச்சுத் தரச் சொல்லி அத்தை கொடுத்தா."

அப்பாவின் தங்கைதான் அத்தை. பக்கத்துக் கடையில் கார் மெக்கானிக். அவர் புதிதாகக் கடை திறந்தபின் பழுதுபார்த்த முதல் வண்டி இன்று சாயங்காலம் வெளியே போகிறது.

அப்பா இரும்புக் கதவுகளுக்குப் பெயிண்ட் பொடி தூவிப் பெரிய அடுப்பில் சுடுபவர். சுட்டபின் சுத்தியலால் தட்டினாலும் பெயிண்ட் போகாது. ஓர் இடுக்கைக்கூட விடமாட்டார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கூட்டின் உள்ளேயும் வளைத்து வளைத்து அடித்துவிட்டு, அடுப்பு சூடாகக் காத்திருந்தார்.

துருவியால் சும்மா இருக்க முடியுமா? அத்தையிடம் ஓடினாள்.

"அந்தக் கூட்டுக்குள்ள என்ன அத்தை இருக்கும்?"

"இதோ, இந்தச் சக்கரம். காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள தள்ளும். பம்பரமெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும், அவ்வளவு வேகம்!"

"கூட்டுல இடிக்காதா?"

"இடிச்சா சக்கரம் காலி! ரெண்டுக்கும் நடுவுல தலைமுடி நுழையற இடம்தான் இருக்கு."

துருவிக்குத் திக்கென்றது. அந்த இடத்தில்தானே அப்பாவின் பொடி உட்கார்ந்திருக்கிறது! அத்தையிடம் சொன்னால் அப்பாவின் முகம் வாடிப்போகும். சும்மா இருந்தால் அத்தையின் முதல் வண்டியே படுத்துவிடும். ஒரே ஓட்டமாகத் திரும்பினாள்.

அப்பா அடுப்புக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அப்பா, வைக்காதீங்க!" மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயையோ! அடுப்புல போயிருந்தா கல்லு மாதிரி ஒட்டியிருக்குமே!"

"இப்ப வெறும் பொடிதானேப்பா? துடைச்சா வந்துடாதா?"

அப்பாவின் தடித்த விரல்கள் வளைவுக்குள் நுழையவில்லை. துருவி மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு, தன் சின்னக் கையை உள்ளே விட்டாள். டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள். அப்பா உள்பக்கத்தை டேப் ஒட்டி மறைத்து, வெளியே கலைந்த இடங்களில் மறுபடி பொடி தூவிச் சுட்டெடுத்தார்.

சாயங்காலம் அத்தை கூட்டை வண்டியில் பூட்டினார்.

"உள்ள அடிக்கக் கூடாதுன்னு சொல்லவே மறந்துட்டேன் அண்ணா. உங்களுக்கே தெரிஞ்சிருக்கு!"

துருவி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு எங்க தெரிஞ்சுது? அப்பித் தள்ளிட்டேன். உன் மருமகதான் துடைச்சு எடுத்தா."

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கார்ச் சாவியைத் துருவியின் கையில் வைத்தார்.

"வா மருமகளே, நீயே திருப்பு!"

துருவி திருப்பினாள். வண்டி ஒரு சின்ன உரசல் சத்தம்கூட இல்லாமல் உறுமியது.