முதுகில் விழுந்த வெளிச்சம்

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கியபோது துளசிக்குக் கால் தரையில் பாவவில்லை. இரவு முழுக்கக் கையுறைத் தொழிற்சாலையில் நின்ற கால். காலையில் வீட்டுக்குப் போய், மகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணியைத் துவைத்துப் போட்டு, படுக்கலாமா என்று பாயைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. லகாட்டு வீட்டிலிருந்து சுங்கை சிப்புட்வரை வந்துசேர்வதற்குள் வழியில் கண் சொருகியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்து எழுப்பிவிட்டான். புண்ணியவான், நன்றாக இருக்கட்டும்.

பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி செம்பனைகளுக்கு நடுவே கூரை கறுத்து நின்றது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தொழிலாளர் லயங்களையும் இடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியை மட்டும் என்ன நினைத்தோ விட்டுவைத்தார்கள். ஈப்போவில் இருந்த பயிற்சி மையம் ஒன்று அதை வாடகைக்கு எடுத்து, ஓர் அறையில் பழைய எக்ஸ்ரே இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தது. கதிர் வராத இயந்திரம். குழாயை ஏற்றலாம், இறக்கலாம். விளக்கைச் சொடுக்கினால் சதுரமாக வெளிச்சம் விழும், அதன் நடுவே நிழலில் ஒரு கூட்டல் குறி. நோயாளியை எப்படி நிற்க வைப்பது, எப்படிப் படுக்க வைப்பது என்று மாணவர்கள் ஒருவரையொருவர் வைத்துப் பழகிக்கொள்வார்கள்.

துளசிக்கு வயது முப்பத்தாறு. ஜொகூருக்கு லாரி ஓட்டப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். வெள்ளிக்கிழமை அவளுக்குச் சோதனை. ஏற்கெனவே இரண்டு முறை தவறியவள். இதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் ஈப்போவில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் பகல் வேலை காத்திருந்தது. தவறினால் திரும்பவும் கையுறை, திரும்பவும் இரவு. அவள் இல்லாத இரவுகளில் பன்னிரண்டு வயது ஹேமாஷினி கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தனியாகப் படுத்திருப்பாள்.

இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் தவறினாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வாள், பொத்தானை அழுத்துவாள், விடச் சொல்ல மறந்துவிடுவாள். அந்த அறையில் பழகிய எல்லோருக்கும் தொற்றிய கெட்ட பழக்கம் அது. எதிரே நிற்பது கூடப் படிக்கிறவள்தானே, சொல்லாமலே விட்டுக்கொள்வாள்.

"நெஜமான பேஷண்ட்டு அப்படி இல்லைம்மா," என்று தேர்வாளர் மகேந்திரன் போன முறையே கடிந்துகொண்டார். "வயசானவங்க நீங்க சொல்றத அப்படியே கேப்பாங்க. புடின்னா புடிச்சிக்கிட்டே நிப்பாங்கலா."

அறைக்குள் கார்மென் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். ஈப்போ பெண், சின்ன வயது, முதல் முறையிலேயே தேறிவிட்டவள். துளசிக்கு நோயாளியாக நிற்பதற்கென்றே வந்திருந்தாள்.

"அக்கா, மூஞ்சியே சரியில்லையே. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்னுதான் நெனைக்கிறேன். வா, நில்லு."

கார்மென் எழுந்துபோய், குழாய்க்கு எதிரே சுவரோரம் நின்ற எக்ஸ்ரே பலகையில் நெஞ்சை ஒட்டி நின்று, தாடையைத் தூக்கி அதன் மேல் விளிம்பில் வைத்தாள். புறங்கைகளை இடுப்பில் வைத்துத் தோள்களை முன்னால் தள்ளினாள். வெளிச்சத்தின் கூட்டல் குறி அவள் முதுகுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது.

"மூச்ச நல்லா இழு. அப்படியே புடி."

துளசி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். டக்கென்று ஓசை வந்தது. அதற்குப் பிறகு என்ன? தலைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது.

"அக்கா," என்றாள் கார்மென், பலகையைப் பார்த்தபடியே. "நான் செத்து, அடக்கமும் பண்ணியாச்சுலா."

துளசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கார்மென் அவள் தோளைத் தட்டினாள். "உக்காருங்க. நான் போய் தே ஆய்ஸ் தாப்பாவ் பண்ணிட்டு வாரேன். அப்புறம் பாப்போம்."

உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று துளசிக்குத் தெரியும். நின்றுகொண்டே தனியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். வெளியே ஓலைகள் உரசின. கூரையில் மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சுவர் விசிறி கடகடவென்று சுற்றியது. பட்டப்பகல்.

"வாங்கம்மா, இங்க வந்து நில்லுங்க," என்றாள் வெறும் பலகையிடம். விளக்கைச் சொடுக்கினாள். சதுர வெளிச்சம் பலகையில் தட்டையாக, ஒழுங்காக விழுந்தது.

"நெஞ்ச ஒட்டி நில்லுங்க. தாடையத் தூக்கி மேல வைங்க. பொறங்கைய இடுப்புல வைங்கம்மா. தோள நல்லா முன்னால தள்ளுங்க, அப்பதான் தோள்பட்ட எலும்பு நுரையீரல மறைக்காது."

குழாயின் கைப்பிடியைத் திருகக் குனிந்தாள். நிமிர்ந்தபோது வெளிச்சம் பலகையில் இல்லை.

பலகைக்கு ஒரு சாண் முன்னால், காற்றில் நின்றது.

சதுரத்தின் கோடுகள் வளைந்திருந்தன. மேல் ஓரம் இரண்டு பக்கமும் உருண்டு சரிந்தது. நடுவே நீளமாக ஒரு பள்ளம் இறங்கியது. கூட்டல் குறி அந்தப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. இத்தனை மாதமாக முதுகுகளில் வெளிச்சம் போட்டுப் பழகியவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெலிந்த முதுகு. தோள்கள் சொன்னபடியே முன்னால் தள்ளியிருந்தன.

புளித்த ரப்பர் பாலின் நாற்றம் குப்பென்று வந்தது. ரப்பர் மரம் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்ட இடத்தில்.

துளசியின் வாய் தானாகப் பேசியது. "மூச்ச நல்லா இழுங்கம்மா. அப்படியே புடிங்க."

வெளிச்சம் மேலே எழுந்தது.

மெதுவாக, ஒரு விரற்கடை அளவு எழுந்து, அகன்று, அங்கேயே நின்றது.

இறங்கவில்லை.

விசிறியின் சத்தம் இல்லை. மைனாக்களின் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அணைய வேண்டிய விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த முதுகு திரும்பவில்லை, அசையவில்லை, அவளை மிரட்டவும் இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் தன் பேர் கூப்பிடும்வரை வரிசையில் நிற்கும் தோட்டத்துச் சனம்போல, அடுத்த சொல்லுக்காகப் பொறுமையாக நின்றது. அந்தப் பொறுமைதான் துளசிக்குக் குலையை நடுக்கியது.

அந்தச் சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. வாசலைப் பார்த்து ஓடினாள்.

ஐஸ் போட்ட தேநீரைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்த கார்மென் மேல் மோதப் பார்த்தாள். "உள்ள யாரோ நிக்கிறாங்க," என்று மட்டும் சொல்ல முடிந்தது. கார்மென் எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்லையே அக்கா. வெளக்குகூட அணைஞ்சிருக்கு." ஆனாலும் அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டவும் இல்லை. "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. தூக்கம் இல்லன்னா எனக்கும் இப்படித்தான் கண்டதும் தெரியும்."

வீட்டுக்கு வந்து, இன்று இரவு வேலைக்குப் போகப் போவதில்லை என்று சொன்னதும் ஹேமாஷினி துள்ளினாள். அவள் வீட்டுப்பாடத்தை விரித்துக்கொண்டு உட்கார, துளசி உடுத்திய துணியோடு பாயில் விழுந்தாள். கண் விழித்தபோது அந்தி சாய்ந்திருந்தது. விளக்கு போடவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எப்போதும் அலறும் நேரம், அன்று சத்தமே இல்லை.

ஹேமாஷினி துணி அலமாரியின் முன்னால் நின்றிருந்தாள்.

நெஞ்சு கதவில் ஒட்டியிருந்தது. தாடை தூக்கியிருந்தது. புறங்கைகள் இடுப்பில். சில நாள் துளசி மகளை அதே அலமாரியில் நிற்க வைத்துப் பழகியதுண்டு. அப்போதெல்லாம் பிள்ளை நெளியும், சிரிக்கும்.

"ஹேமா? வெளையாடாத."

துளசி எழுந்துபோய்ப் பக்கவாட்டில் பார்த்தாள். பிள்ளையின் கண்கள் திறந்திருந்தன. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"விடு! மூச்ச விடுடி!"

பதறிப்போய் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

கை மகளின் முதுகைத் தொடவில்லை. அதற்கு முன்பே ஏதோ ஈரத் துணியில் பட்டு நின்றது.

கைப்பேசியின் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் மகளின் பள்ளிச் சட்டையில் விழவில்லை. அதற்கு முன்னால், காற்றில், உருண்டு வளைந்து விழுந்தது. அதே மெலிந்த முதுகு. பகலில் எழுந்த நெஞ்சு இன்னும் இறங்காமல் இருந்தது. வரிசையில் முன்னால் நிற்பவளோடு ஒட்டி நின்றது. முன்னால் நிற்பவள் அவள் பெற்ற பிள்ளை.

துளசிக்கு அப்போது புரிந்தது. யார், எந்தக் காலத்து ஆள் என்றெல்லாம் தெரியாது. பிடிக்கச் சொன்னவள் இவள், விடச் சொல்லாமல் ஓடிவந்தவளும் இவள். சொன்ன பேச்சைத் தட்டாத அந்தச் சீவன் சொல்லைத் தேடி வீடுவரை வந்திருக்கிறது.

"முடிஞ்சிருச்சும்மா," என்றாள். "படம் நல்லா வந்திருக்கு. மூச்சு விடுங்க. விட்டுட்டு வீட்டுக்குப் போங்கம்மா."

ஒரு பெருமூச்சு.

அது நீண்டுகொண்டே போனது. ஒரு நெஞ்சுக்குள் அவ்வளவு காற்று இருக்க முடியாது. சன்னல் திரை ஆடியது. புளித்த நாற்றம் முகத்தில் அடித்து அடங்கியது. டார்ச் வெளிச்சம் சரிந்து ஹேமாஷினியின் சட்டையில் விழுந்தது. பிள்ளை இருமிக்கொண்டே கீழே சரிந்தாள்.

"நீதானம்மா நிக்கச் சொன்ன," என்றாள் மூச்சு திரும்பியதும். "தோள முன்னால தள்ளுங்கன்னு சொன்னியே." துளசி அவளை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

வெள்ளிக்கிழமை சோதனையில் தேறிவிட்டாள்.

"இன்னிக்கு நீங்க செஞ்ச விதமே வேற," என்றார் மகேந்திரன். "பேஷண்ட்டு மூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னீங்க. பாகுஸ்லா, ரொம்ப நல்லா இருந்துச்சு." துளசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றே தொழிற்சாலைக்கு முழுக்குப் போட்டாள். கதவுக்குப் பின்னால் கிடந்த நாற்காலியை எடுத்து மேசையருகில் போட்டாள். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கினார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

அடுத்த வாரம் ஓர் இரவு, பாயில் பக்கத்தில் கை வைத்தாள். இடம் காலியாக இருந்தது.

ஹேமாஷினி அலமாரியின் முன்னால் நின்றாள். டார்ச் வெளிச்சம் இந்த முறை ஓர் அகலமான முதுகில் விழுந்தது. ஆண் முதுகு. துளசி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மூச்சு வெளியேறியது. மறுநாள் கூனல் முதுகு ஒன்று. அதற்கடுத்த நாள் வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வயதுகூட ஆகாத முதுகு. "விட்டுக்கோ கண்ணு," என்று சொல்லிவிட்டு விடியும்வரை அழுதாள்.

முதலில் போனவர் சொல்லியிருக்க வேண்டும், விடச் சொல்லும் ஒருத்தி லகாட்டில் இருக்கிறாள் என்று. அந்த அறையில் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்தவள் இவள் ஒருத்தி மட்டுமா? துளசி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். கார்மென் தேவாலயத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து வீடெல்லாம் தெளித்தாள். கயிறு அழுக்கானது, தண்ணீர் காய்ந்தது. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஒன்று மட்டும் துளசி கண்டுபிடித்தாள். பிள்ளை தூங்குமுன் இவளே போய் அலமாரியின் முன்னால் டார்ச்சைப் பிடித்தால், அவர்கள் பிள்ளையை எழுப்புவதில்லை. ஆகவே பகலெல்லாம் ஈப்போவில் உயிருள்ளவர்களை நிற்க வைத்தாள். இரவில் இவர்கள். இரவு வேலை போகவில்லை, இடம்தான் மாறியது. நிலையத்தில் எல்லோரும் அவளை மெச்சினார்கள். உங்களைப்போல் பொறுமையாகச் சொல்ல யாரால் முடியும் என்றார்கள்.

நேற்று அவளுக்குக் காய்ச்சல். ஒருவர் போனால் அடுத்த முதுகு, அவர் போனால் அதற்கடுத்தது. வெளிச்சம் பிடித்த கை மரத்துப்போனது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் எத்தன பேரு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்திருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

"இன்னிக்குப் போதும். என்னால முடியல. நாளைக்கு வாங்க." டார்ச்சை அணைத்துவிட்டு மகளின் பக்கத்தில் போய்ச் சாய்ந்தாள். முதுகு பாயில் பட்டதும் உடம்பெல்லாம் இளகியது. அவ்வளவு சுகமாக இருந்தது.

இருட்டில் ஹேமாஷினி தூக்கத்திலேயே ஒரு மூச்சை இழுத்தாள். ஆழமாக, நிதானமாக, நெஞ்சு நிறைய.

துளசி அது வெளியே வரக் காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

பிறகு கையை ஊன்றி எழுந்து, பாயைத் தடவி டார்ச்சைத் தேடினாள். "வாரேன்," என்றாள் இருட்டைப் பார்த்து. "வாரேன்லா. வரிசையா நில்லுங்க."

அதற்குப் பிறகுதான் பிள்ளையின் மூச்சு வெளியே வந்தது.